‘ஹெல்பவுண்ட்: ஹெல்ரெய்ஸர் 2’ பார்க்கத் தகுந்த படமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தப் படம்? யார் எடுத்தது?

ஆங்கில எழுத்தாளர் க்ளைவ் பார்க்கர், 1986இல் தாம் எழுதிய குறுநாவல் ஒன்றை மறு ஆண்டே ‘ஹெல்ரெய்ஸர்’ என்ற பெயரில் தாமே படமாக இயக்கினார். பெரும்பகுதி ஒரே வீட்டுக்குள், ஏறத்தாழ 10 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட அந்தச் சிறிய படம் நன்றாக ஓடியதால், 1988இல் அதன் இரண்டாம் பாகம் ‘ஹெல்பவுண்ட்’ வந்துவிட்டது. இதன் மூலக்கதையும் பார்க்கருடையதுதான். அவருடைய நாடகக் குழுவில் இருந்த பீட்டர் அட்கின்ஸ் திரைக்கதை எழுத, டோனி ரேண்டல் இயக்கினார். இங்கிலாந்தின் பைன்வுட் படப்பிடிப்பு வளாகத்தில் எடுக்கப்பட்ட இப்படம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. பண்டிகைக்குக் குடும்பத்தோடு போய் இதில் மாட்டிக்கொண்டவர்கள் யாரேனும் இருந்தால், அவர்களுக்கு என் அனுதாபங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: பார்க்கலாமா, வேண்டாமா?

முதல் பாகத்தைப் பார்த்தவர்கள், அது பிடித்திருந்தால், தயங்காமல் பார்க்கலாம். இரத்தத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்களும், கதையில் ஒரு முடிச்சு அவிழாமல் போனாலும் இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருப்பவர்களும் விட்டுவிடலாம்.

இந்தத் தொடரில் இரத்தத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இவ்வளவு இரத்தம் சிந்தினால் இவ்வளவு சதை வளரும், இத்தனை உயிர் போனால் இத்தனை அங்குலம் தோல் கிடைக்கும் என்று கடைக்காரர் பேரேடு எழுதுவது போல எழுதப்பட்ட கணக்கு அது. அந்தக் கணக்கு நடக்கும் வரை, அதாவது படத்தின் முற்பாதி முழுவதும், ‘ஹெல்பவுண்ட்’ மிக நல்ல படம். கதை நரகத்துக்குள் நுழைந்த பிறகு கணக்குப் புத்தகம் தொலைந்துவிடுகிறது. அதன் பின் கண்ணுக்கு விருந்து இருக்கிறது, ஆனால் பயம் குறைந்துவிடுகிறது.

முதல் பாகம் பார்க்காமல் நேராக இதைப் பார்த்தால் புரியுமா?

தொடக்கத்திலேயே முதல் படத்தின் காட்சிகளைத் துண்டு துண்டாகக் கோத்து ஒரு முன்கதைச் சுருக்கம் காட்டுகிறார்கள். அதை மட்டும் வைத்துக்கொண்டு நிகழ்ச்சிகளைத் தொடர முடியும், உறவுகளின் கனத்தை உணர முடியாது. எனவே சுருக்கத்தை இங்கே தருகிறேன். ஃபிராங்க் என்பவன் ஒரு புதிர்ப்பெட்டியைத் திறந்து, அதன் வழியாக வந்த செனோபைட்டுகள் என்ற நரகவாசிகளால் கிழித்தெறியப்படுகிறான். அவன் இறந்த வீட்டுக்குக் குடிவரும் சகோதரன் லாரி, கட்டிலைத் தூக்கும்போது ஓர் ஆணி கையைக் கிழிக்க, தரையில் சிந்திய அந்த இரத்தத்தைக் குடித்து ஃபிராங்க் பாதி உடலோடு எழுகிறான். லாரியின் மனைவி ஜூலியா, ஒருகாலத்தில் ஃபிராங்கின் காதலி. அவள் அவனுக்காக ஆண்களை வீட்டுக்கு அழைத்து வந்து கொல்கிறாள். கடைசியில் ஃபிராங்க் சகோதரனையே கொன்று அவன் தோலைப் போர்த்திக்கொள்கிறான், ஜூலியாவும் அவன் கையால் சாகிறாள். லாரியின் மகள் கர்ஸ்டி மட்டும் தப்புகிறாள்.

‘தோலுரித்துக் காட்டுவேன்’ என்று நம் மேடைகளில் நாள்தோறும் சொல்கிறார்கள். பார்க்கர் அதை உவமையாக எடுத்துக்கொள்ளாதவர்.

இரண்டாம் பாகத்தின் கதை என்ன?

கர்ஸ்டி ஒரு மனநல மருத்துவமனையில் கண்விழிக்கிறாள். ஜூலியா இறந்து கிடந்த மெத்தையை எரித்துவிடுங்கள் என்று அவள் மன்றாடுகிறாள், யாரும் நம்புவதில்லை. ஒரே ஒருவர் மட்டும் ஒவ்வொரு சொல்லையும் நம்புகிறார், அதுதான் ஆபத்து. மருத்துவமனையின் தலைவர் டாக்டர் சேனர்ட், பல ஆண்டுகளாக அந்தப் புதிர்ப்பெட்டியைப் பற்றிய குறிப்புகளையும் படங்களையும் வீட்டில் சேர்த்து வைத்திருப்பவர். அவர் மெத்தையைத் தம் வீட்டுக்கே கொண்டுவரச் செய்கிறார். மெத்தையிலிருந்து ஜூலியா எழுகிறாள். புதிர்களை அவிழ்ப்பதில் வல்லவளான, வாய்பேசாத டிஃபனி என்ற சிறுமியைக் கொண்டு பெட்டியைத் திறக்கச் செய்து இருவரும் நரகத்துக்குள் போகிறார்கள். இரத்தத்தால் எழுதப்பட்ட ஓர் அழைப்பைக் கண்டு, அது நரகத்தில் தவிக்கும் தன் தந்தையின் அழைப்பு என்று எண்ணிக் கர்ஸ்டியும் பின்தொடர்கிறாள். அதற்கு மேல் இங்கே சொல்லவில்லை. பின்வரும் சில பதில்களில் முடிவைத் தொட வேண்டியிருக்கிறது, அங்கே முன்கூட்டியே எச்சரிக்கிறேன்.

எவ்வளவு கோரமானது? யாரெல்லாம் தவிர்க்க வேண்டும்?

மிகவும் கோரமானது. வயது வந்தோருக்கு மட்டுமான படம் என்பதில் எந்தச் சலுகையும் இல்லை. ஒரு காட்சியைச் சற்று அருகில் நின்று காட்டினால் அளவு புரியும்.

சேனர்ட் தம் மருத்துவமனையிலிருந்து ஒரு நோயாளியை வீட்டுக்கு அழைத்து வருகிறார். தன் உடலெங்கும் புழுக்கள் ஊர்வதாக நம்பி அலறுகிற மனிதர் அவர். பூச்சிகளே இல்லை என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவரை அந்தக் கறைபடிந்த மெத்தையின் மேல் உட்கார வைத்து, கட்டுச்சட்டையைக் கழற்றி, கையில் ஒரு சவரக்கத்தியைக் கொடுத்துவிட்டு மருத்துவர் நகர்ந்து நின்று பார்க்கிறார். புழுக்களை வெட்டி எறிவதாக எண்ணி நோயாளி தன்னையே கிழித்துக்கொள்கிறார். இரத்தம் மெத்தையில் ஊறுகிறது. மெத்தைக்குள்ளிருந்து இரண்டு கைகள் வருகின்றன.

அக்காட்சியில் என்னை உறைய வைத்தது கத்தி இல்லை, மருத்துவரின் முகம்தான். அதில் வெறியில்லை, கொடூரச் சிரிப்பில்லை, ஆய்வுக்கூடத்தில் திரவம் நிறம் மாறுவதற்காகக் காத்திருப்பவரின் பொறுமை மட்டுமே இருக்கிறது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் காட்சிகள் மனத்தைப் பாதிக்கும் என்று அறிந்தவர்கள், மனநல மருத்துவமனையில் நோயாளிகள் கொடுமைப்படுத்தப்படுவதைக் காணப் பொறாதவர்கள் ஆகியோர் இப்படத்தைத் தவிர்ப்பதே நல்லது. இதைக் கோழைத்தனம் என்று யாராவது கேலி செய்தால் பொருட்படுத்த வேண்டாம்.

இதை ஏன் ‘கோதிக்’ என்கிறார்கள்? கோட்டையும் வௌவாலும் இல்லையே?

பாழடைந்த கோட்டைகளும் குடும்ப இரகசியங்களும் நிறைந்த பழைய திகில் கதை மரபுக்குத்தான் கோதிக் என்று பெயர். இங்கே கோட்டை இல்லாவிட்டாலும் கோட்டையின் வேலையைச் செய்யும் கட்டடங்கள் இருக்கின்றன. மேல்மாடியில் பளபளப்பான மருத்துவமனை, அதன் அடித்தளத்தில் வரிசையாக இருண்ட அறைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் வெளியுலகத்துக்குக் காட்டப்படாத ஒரு நோயாளி என்ற அமைப்பு, பழைய கதைகளின் நிலவறைச் சிறையேதான். இறந்தும் அடங்காத பெண், சிற்றன்னைக்கும் மகளுக்குமான பகை, தடை செய்யப்பட்ட அறிவைத் தேடித் தன்னை இழக்கும் விஞ்ஞானி, குடும்ப இரகசியம் பதுங்கியிருக்கும் வீடு ஆகிய எல்லாமே அந்த மரபின் சரக்குகள். ஒரு கட்டத்தில் ஜூலியாவே, தான் இனி வெறும் கொடிய சிற்றன்னை இல்லை, தீய அரசி என்று அறிவித்து, கர்ஸ்டியை ஸ்னோ ஒயிட் என்று அழைத்துச் சவால் விடுகிறாள். தேவதைக் கதையின் எலும்புக்கூட்டின் மேல்தான் இந்தச் சதையெல்லாம் போர்த்தப்பட்டிருக்கிறது என்பதைப் படம் ஒளிக்கவே இல்லை.

செனோபைட் என்ற சொல்லுக்கே மடத்தில் கூட்டாக வாழும் துறவி என்பதுதான் பொருள். வலிக்கும் இன்பத்துக்கும் வேறுபாடு காணாத ஒரு துறவியர் கூட்டம் என்பது பார்க்கரின் மூலக் கற்பனை. சுவரேறிக் குதித்து வரும் வழக்கமான பேய்களைவிட அவர்கள் மேலாக நிற்பதற்கு அந்த ஒழுங்கே காரணம் என்பேன்.

தலையெங்கும் ஆணி அறைந்த அந்த உருவம் எவ்வளவு நேரம் வரும்?

சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வருபவர்கள் ஏமாறுவார்கள். டக் பிராட்லி நடித்த பின்ஹெட், மொத்தமாகச் சில நிமிடங்களே வருகிறார். முதல் படத்தின் பெயர்ப் பட்டியலில் அவருக்குப் பெயர்கூட இல்லை, தலைமை செனோபைட் என்றுதான் இருந்தது. பின்ஹெட் என்ற பட்டப்பெயர் இந்த இரண்டாம் பாகத்தின் பட்டியலில்தான் ஏறியது. ஆனால் குறைந்த நேரத்திலும் இரண்டு முக்கியமான இடங்கள் அவருக்கு உண்டு. படத்தின் தொடக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி தனியறையில் அமர்ந்து பெட்டியைத் திறப்பதும், அவர் தலையில் கட்டம் கட்டமாகக் கீறி ஆணிகள் அறையப்படுவதும் ஒன்று. டிஃபனி பெட்டியைத் திறந்தபோது அவளைக் கொல்லாமல் மற்ற செனோபைட்டுகளைத் தடுப்பது இன்னொன்று. தங்களை அழைப்பது பெட்டியைத் திறந்த கை இல்லை, அதன் பின்னாலிருக்கும் ஆசைதான் என்று அவர் சொல்லும் நியாயம், இந்தத் தொடர் முழுவதிலும் மிகத் தெளிவான சட்டம். ஏவியவன் இருக்க அம்பைத் தண்டிப்பதில்லை என்ற அளவுக்கு நரகத்திலும் நீதி இருக்கிறது.

அப்படியானால் படத்தைத் தாங்குவது யார்?

ஜூலியாவாக வரும் க்ளேர் ஹிக்கின்ஸும் சேனர்டாக வரும் கென்னத் க்ரேனமும். முதல் படத்தில் காதலுக்காகக் கொலை செய்து, முதல் கொலையில் நடுங்கிப்போன ஜூலியா, இங்கே நடுக்கம் போன பெண்ணாக வருகிறாள். தோல் இல்லாமல் எழுந்தவளைச் சேனர்ட் கட்டுத்துணியால் தலை முதல் கால் வரை சுற்றுகிறார். வெள்ளைத் துணியில் ஈரம் கசிந்துகொண்டே இருக்க, அந்த உருவத்தைப் பார்க்கும் மருத்துவரின் கண்களில் அருவருப்பும் மோகமும் பிரித்தெடுக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. அதன் பிறகு அவர் ஒவ்வொரு பெண்ணாக அழைத்து வர, ஜூலியாவுக்கு ஒவ்வொரு பகுதியாகத் தோல் திரும்புகிறது. முதல் படத்தில் அவள் ஃபிராங்குக்குச் செய்த சேவகத்தை இங்கே ஓர் ஆண் அவளுக்குச் செய்கிறான் என்ற தலைகீழ் மாற்றம் திரைக்கதையில் மிக நன்றாக அமைந்த இடம். இதைக் கவனித்துப் பார்ப்பவர்களுக்குப் படம் இரண்டு மடங்கு சுவைக்கும்.

க்ரேனம் தொடக்கக் காட்சி ஒன்றில், திறந்த மண்டையோட்டின் முன் நின்று அறுவை செய்துகொண்டே, மனம் என்பது ஒரு புதிர்ப்பாதை என்று மாணவர்களுக்கு விரிவுரை ஆற்றுகிறார். பின்னால் வரும் நரகத்துக்கான வரைபடம் அந்த விரிவுரையிலேயே கொடுக்கப்பட்டுவிடுகிறது.

கர்ஸ்டியாக நடித்த ஆஷ்லி லாரன்ஸ் குறை சொல்ல முடியாதபடி ஓடுகிறார், அலறுகிறார். அவருக்கு எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான்.

நரகம் எப்படிக் காட்டப்படுகிறது?

படத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம். எண்ணெய்க் கொப்பரையையும் நெருப்பையும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இங்கே கிடைப்பது கல்லும் காற்றும். முடிவே இல்லாமல் கிளைவிடும் நடைபாதைகள், எங்கே ஏறினாலும் வேறெங்கோ இறங்கும் படிகள், மேலே வானத்துக்குப் பதிலாக மெதுவாகச் சுழலும் வைர வடிவிலான ஒரு பேருரு. அதன் பெயர் லெவியத்தான், அதுவே அந்த உலகின் கடவுள். அதிலிருந்து வீசுவது வெளிச்சம் இல்லை, கருமையான ஒளிக்கற்றை. கணினி வரைகலை கைக்கு எட்டாத காலத்தில், தீட்டிய ஓவியங்களைப் படமாக்கிய காட்சியோடு இணைத்து இந்தப் பரப்பை உருவாக்கியிருக்கிறார்கள். அந்த ஓவியத்தன்மை இன்றைய கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்தாலும், பழைய தேவாலயச் சுவரில் தீட்டிய நரகத்துக்குள் நுழைந்தது போன்ற உணர்வை அதுவே தருகிறது என்பதால், அதை நான் குறையாகக் கருதவில்லை.

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நரகம் என்பது இன்னொரு நல்ல எண்ணம். காமத்திலேயே வாழ்ந்த ஃபிராங்குக்குக் கிடைத்தது, துணிபோர்த்த பெண்ணுருவங்கள் முனகிக்கொண்டே இருக்கும் அறை. போர்வையை விலக்கினால் கீழே யாரும் இல்லை. அவ்வளவு இரத்தம் காட்டும் படத்தில், ஒரு சொட்டு இரத்தமும் இல்லாத இந்தத் தண்டனைதான் எல்லாவற்றிலும் கொடியது.

கிறிஸ்டபர் யங்கின் பின்னணி இசையைத் தனியாகக் கேட்கவே பரிந்துரைப்பேன். முழு இசைக்குழுவும் பாடகர் குழுவும் சேர்ந்து, மலிவான பேய்ப்பட ஓசைக்குப் பதிலாக ஒரு கறுப்புத் திருப்பலியை நடத்துகின்றன. லெவியத்தான் எழுப்பும் கொம்போசை, மோர்ஸ் தந்திக் குறியீட்டில் ‘காட்’ என்ற ஆங்கிலச் சொல்லாக, அதாவது கடவுள் என்று, அமைக்கப்பட்டிருக்கிறது. தெரியாமல் கேட்டாலும் முதுகு சில்லிடும்.

பிற்பாதி குழப்பம் என்கிறார்களே, உண்மையா? (முடிவு தெரியவேண்டாம் என்பவர்கள் இதைத் தாண்டிச் செல்லவும்.)

உண்மைதான். நரகத்தில் சேனர்டும் செனோபைட்டாக மாற்றப்படுகிறார். தலையில் துளைத்து நிற்கும் ஒரு தடித்த கொடி அவரைத் தூக்கிக்கொண்டு அலைய, அவர் மருத்துவர்களின் சொற்களை வைத்துச் சிலேடை பேசிக்கொண்டே ஆட்களைக் கொல்கிறார். மெத்தைக் காட்சியில் மௌனமாக நின்று நம்மை நடுங்க வைத்த அதே மனிதர், வாய் ஓயாமல் பேசத் தொடங்கியதும் சந்தைக் கோமாளியாகிவிடுகிறார். அதைவிடப் பெரிய ஏமாற்றம், பின்ஹெட்டும் அவருடைய மூன்று தோழர்களும் சாகும் விதம். கர்ஸ்டி காட்டும் ஒரு பழைய நிழற்படத்தால் தாங்கள் ஒருகாலத்தில் மனிதர்களாக இருந்ததை அவர்கள் நினைவுகூர்கிறார்கள் என்பது உண்மையிலேயே நெகிழ்ச்சியான திருப்பம். அந்த நெகிழ்ச்சி நமக்குள் இறங்குவதற்குள் புது செனோபைட் நால்வரையும் சில விநாடிகளில் முடித்துவிடுகிறார். இரண்டு படங்களாகக் கட்டிய கோபுரத்தை இப்படிச் சாய்ப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

முன்பு சொன்ன கணக்கு இங்கேதான் தொலைகிறது. யார் எதற்காக எதைக் கொடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை இல்லாமல், இரத்தம் இலவசமாகக் கொட்டத் தொடங்குகிறது.

லாரி ஏன் இந்தப் படத்தில் வருவதில்லை?

லாரியாக நடித்த ஆண்ட்ரூ ராபின்சன் இரண்டாம் பாகத்துக்கு வர மறுத்துவிட்டதால், தந்தையை மீட்கும் கதையைத் திருத்த வேண்டியதாயிற்று. கர்ஸ்டி தேடிப் போகும் தந்தை கடைசிவரை கண்ணில் படாததற்குக் காரணம் இதுவே. படத்துக்குள் அதற்குச் சொல்லப்படும் விளக்கம் கெட்டிக்காரத்தனமானதுதான், ஆனால் ஒட்டுப் போட்ட இடம் தடவினால் தெரிகிறது.

பற்களை நறநறவென்று அடிக்கும் செனோபைட்டுக்குப் பாதிப் படத்தில் திடீரென்று கண் முளைப்பது ஏன்?

அது உங்கள் கண்ணின் கோளாறு இல்லை. அந்த வேடத்தில் நடித்த நிக்கோலஸ் வின்ஸ், முகமூடிக்குள்ளிருந்து எதையும் பார்க்க முடியாமல் தடுமாறியதால் கண்களுடன் கூடிய புது முகமூடி செய்யப்பட்டது. மாற்றத்தை விளக்கும் காட்சி இறுதித் தொகுப்பில் வெட்டப்பட்டுவிட்டது.

ஒப்பனை இன்றைக்கும் நம்பும்படி இருக்கிறதா?

தோலில்லாத ஜூலியாவின் ஒப்பனை இருக்கிறது. ஈரமும் பளபளப்பும் நடிப்பவரின் அசைவோடு சேர்ந்தே நகர்வதால், கணினியால் வரைந்த எந்தச் சதையும் அதற்கு ஈடாகவில்லை. சேனர்டைத் தூக்கித் திரியும் கொடி அப்படி இல்லை. களிமண் பொம்மையைச் சட்டகம் சட்டகமாக நகர்த்தி எடுத்தது போன்ற சில காட்சிகள் சிரிப்பை வரவழைக்கும்.

எந்தப் பதிப்பைப் பார்க்க வேண்டும்?

அமெரிக்கத் திரையரங்குகளில் ஆர் தரச் சான்றிதழ் பெறுவதற்காகச் சில நிமிடங்கள் குறைக்கப்பட்டன. வெட்டப்படாத பதிப்பு ஏறத்தாழ 97 நிமிடம் ஓடும், அதையே தேடுங்கள். வெட்டுகள் கோரத்தை மட்டும் குறைக்காமல், காட்சிகளின் மூச்சையும் குறைத்துவிடுகின்றன.

முதல் பாகத்தைவிட இது மேலா?

இல்லை. முதல் படம் ஒரு வீட்டுக்குள் நடக்கும் கள்ளக்காதல் கதை. அங்கே பயம் சமையலறை வரை வருகிறது. இரண்டாம் பாகத்தின் கற்பனை அதைவிடப் பல மடங்கு பெரியது, கட்டுமானம் அதைவிடத் தளர்ந்தது. எனினும், இரண்டையும் ஒரே இரவில் தொடர்ந்து பார்த்தால், முதல் படத்தின் முடிவில் விட்ட மூச்சிலேயே இரண்டாவது தொடங்குவதால், ஒரே நீண்ட படத்தின் இரு பாதிகள் போல அமைகின்றன. நான் இரண்டாவது முறை பார்த்தது அப்படித்தான், குறைகள் பாதியாகத் தெரிந்தன.

இதற்குப் பிறகு வந்த பாகங்களையும் பார்க்க வேண்டுமா?

2022இல் வந்த மறுதொடக்கத்தையும் சேர்த்து மொத்தம் 11 படங்கள். 1992இல் வந்த மூன்றாம் பாகத்தில் பின்ஹெட் முழுநேர வில்லனாகிவிடுகிறார். 1996இல் வந்த நான்காம் பாகத்தின் இயக்குநர், தம் பெயரையே போட மறுத்து, ஹாலிவுட்டில் அதற்கென்று வழங்கிய ஆலன் ஸ்மிதி என்ற புனைபெயரைப் போடச் செய்தார். 2022ஆம் ஆண்டுப் படத்தை மட்டும் தனியாகப் பார்க்கலாம், அதற்கு முன்கதை எதுவும் தேவையில்லை. மற்றவற்றில் சிலவற்றை நான் ஓடவிட்டுக்கொண்டே துணி மடித்திருக்கிறேன். ‘ஹெல்பவுண்ட்’ ஓடும்போது அது முடியவில்லை.